ஸ்மித்சோனியன் ரத்தினக் கூடம்: ஹோப் வைரத்தோடு திரும்பிவிடாதீர்கள்

வாஷிங்டன் டி.சி.யின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ரத்தினக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே ஒரு கல்லைப் பார்த்துவிட்டுக் கீழே டைனோசர் பார்க்க இறங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு கல் ஹோப் வைரம். அதைப் பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் கல்லைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவருக்கு அந்தக் கூடத்தின் உண்மையான விருந்து அடுத்த அறையில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு இலங்கையிலிருந்து போனது. அனுமதி இலவசம் என்பதால் பணம் வீணாகும் என்ற பயமில்லை, வீணாவதென்றால் நேரம்தான். அது வீணாகாமல் பார்க்கும் வழியும், எது பார்க்கத் தகுந்தது, எங்கே கூடம் ஏமாற்றுகிறது என்பதும்தான் இந்த விமர்சனம்.

முதலில் போகும் வழி. கிறிஸ்துமஸ் நாள் தவிர எல்லா நாளும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5.30-க்கு மூடுகிறார்கள். டிக்கெட் இல்லை, பை சோதனை உண்டு. கட்டடத்துக்கு இரண்டு வாசல்: நேஷனல் மால் என்ற நீண்ட புல்வெளித் திடல் பக்கம் ஒன்று, கான்ஸ்டிடியூஷன் அவென்யூ பக்கம் ஒன்று. மால் பக்கம் நுழைந்தால் பெரிய யானை நிற்கும் வட்டக் கூடம். அதுவே அமெரிக்கக் கணக்கில் முதல் தளம், அங்கிருந்து ஒரு மாடி ஏறினால் போதும். கான்ஸ்டிடியூஷன் அவென்யூ பக்கம் நுழைந்தால் நிற்பது அதற்கும் கீழ்த்தளத்தில், இரண்டு மாடி ஏற வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது முக்கியம். வார நாளில் கதவு திறந்ததும் வேறெங்கும் நிற்காமல் நேரே இரண்டாம் தளத்துக்குப் போய்விடுங்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால், முக்கியமாகச் செர்ரி பூக்கும் வசந்த காலத்தில், கண்ணாடிக்கு அருகில் போவதே பெரும்பாடு. கற்களைச் சில சமயம் ஆய்வுக்கோ வேறு கண்காட்சிக்கோ எடுத்துவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு கல்லுக்காகவே போகிறீர்கள் என்றால் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? கல் வியாபாரிகள் பழக்க தோஷத்தில் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கியை, லூப்பை, பையில் போட்டுக்கொள்வார்கள். அது அங்கே உதவாது. பத்து மடங்கு லூப் குவிவது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில்; கல்லோ தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அதைவிடப் பல மடங்கு தள்ளி இருக்கிறது. சாதாரண பைனாகுலரும் இரண்டு மூன்று மீட்டருக்குள் குவியாது. அரை மீட்டர் தூரத்திலேயே குவியக்கூடிய ஆறு மடங்கு மோனோகுலர் (ஒரு கண்ணால் பார்க்கும் சிறு தொலைநோக்கி) ஒன்று இருந்தால் கூடமே மாறிப்போகும். பட்டைகளின் விளிம்பு, கல்லுக்குள் இருக்கும் ஊசிகள், பொருத்திய கொக்கிகள் எல்லாம் தெரியும். புற ஊதா டார்ச் கொண்டுபோகிறவர்களும் உண்டு. வேண்டாம். அருங்காட்சியகத்தில் அதை அடிப்பது மரியாதையில்லை என்பது ஒருபுறம். ஹோப் வைரத்தை ஒளிரவைக்கும் குறுகிய அலை ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும்.

கைபேசியில் படம் எடுக்க: ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்தில் வருவது உங்கள் ஃபிளாஷ்தான். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவையுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். திரையில் நடுக் கல்லைத் தொட்டு, வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். ஹோப் வைரத்தைச் சுற்றி வெள்ளை வைரங்கள் இருப்பதால் கேமரா குழம்பி, ஒன்று வெள்ளைக் கற்களை வெளுத்துவிடும், அல்லது நீலத்தைக் கருப்பாக்கிவிடும்.

இனி ஹோப். 45.52 காரட். நகைக்கடையில் தங்கத்துக்குச் சொல்லும் காரட் தூய்மைக் கணக்கு. கல்லுக்குச் சொல்வது எடைக் கணக்கு, ஒரு காரட் 0.2 கிராம். ஆக இந்தக் கல் 9.1 கிராம், ஒரு பவுனைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். நீளம் 25.60 மில்லிமீட்டர், அகலம் 21.78, ஆழம் 12. பெயரைக் கேட்டுக் கோழிமுட்டை அளவில் எதிர்பார்த்துப் போகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று திரும்புவது இதனால்தான். இன்னொரு ஏமாற்றம் நிறம். விளம்பரப் படங்களில் ஆகாய நீலமாகத் தெரியும். நேரில் சாம்பல் கலந்த அடர்நீலம், மைப்புட்டியின் அடியில் தங்கிய மை மாதிரி. சுழலும் பீடத்தில் வைத்திருக்கிறார்கள். முன்னால் நின்று நேருக்கு நேர் பார்த்தால் இருட்டாகத்தான் இருக்கும்; ஓரமாக நின்று, கல் திரும்பும்போது பாருங்கள். ஒரு பட்டை கருப்பாக இருந்து சட்டென்று எஃகு நீலத்துக்கு மாறும், அடுத்த கணம் அணையும். அந்த மாற்றத்தைப் பார்க்க மூன்று நான்கு சுற்று காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வைரம் ஒன்றும் காட்டாது.

நீலத்துக்குக் காரணம் போரான் என்ற தனிமம். வைரத்தின் கரிம அணுக்களுக்கு நடுவே பத்து லட்சத்துக்குச் சில என்ற அளவில் போரான் அணு புகுந்திருக்கிறது. இதனாலேயே இவ்வகை வைரம் மின்சாரத்தையும் கடத்தும். நீல வைரம் என்று சந்தையில் வரும் கல் இயற்கை நிறமா, கதிர்வீச்சுக் கொடுத்து நிறமேற்றியதா என்று ஆய்வுக்கூடத்தில் முதலில் பிரிக்கும் சோதனைகளில் இது ஒன்று: கதிர்வீச்சில் நீலமான கல் மின்சாரத்தைக் கடத்தாது. குறுகிய அலை ஊதாக் கதிரைக் காட்டி அணைத்தால் ஹோப் இருட்டில் தணலைப் போலச் சிவப்பாக ஒளிரும், சிறிது நேரம் நீடிக்கும். கூடத்தில் இதைப் பார்க்க முடியாது. அருங்காட்சியகம் வெளியிட்ட படங்களில்தான் பார்க்க வேண்டும்.

வரலாற்றைப் பொறுத்தவரை ஹோப் வைரம் என்பது மூன்று கல். ஃபிரெஞ்சு வியாபாரி ழான் பப்தீஸ்த் தவெர்னியே இந்தியாவிலிருந்து கொண்டுபோய் 1668-இல் பதினான்காம் லூயிக்கு விற்றபோது இன்றைய கணக்கில் சுமார் 115 காரட். குண்டூர்ப் பக்கம் கிருஷ்ணைக் கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்துக் கல் என்று கருதப்படுகிறது. அந்தச் சுரங்கத்தில் அறுபதாயிரம் பேர் வேலை செய்ததாகத் தவெர்னியே எழுதிவைத்திருக்கிறார். (கோல்கொண்டா வைரம், கோல்கொண்டாச் சுரங்கம் என்கிறார்களே, கோல்கொண்டாவில் சுரங்கமே கிடையாது. அது கோட்டையும் சந்தையும். கல் எடுத்த ஊர்கள் வேறு.) 1673-இல் மன்னரின் கைவினைஞர் பிதோ அதைச் சுமார் 69 காரட்டாகப் பட்டை தீட்டினார். 1749-இல் பதினைந்தாம் லூயிக்காகப் 'பொன் ஆட்டுத்தோல்' என்ற அரச விருதுப் பதக்கத்தில் அதைப் பொருத்தினார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே 1792 செப்டம்பரில் பாரிஸின் அரசுக் கருவூலக் கட்டடத்தில் திருடர்கள் பல இரவு தொடர்ந்து புகுந்து அள்ளியபோது இதுவும் போனது.

அதன்பின் நடந்தது ஒரு வழக்கறிஞருக்குப் பிடிக்கும். 1812 செப்டம்பர் 19 தேதியிட்டு, லண்டன் நகை வியாபாரி ஜான் ஃபிரான்சில்லன் எழுதிய ஒரு குறிப்பில் சுமார் 45 காரட் நீல வைரம் ஒன்று தலைகாட்டுகிறது. திருட்டு நடந்து இருபது வருடமும் சில நாளும். அந்தக் காலப் பிரெஞ்சுச் சட்டப்படி இருபது வருடம் கடந்துவிட்டால் திருட்டுக்கு வழக்குப் போட முடியாது. 1839-இல் ஹென்றி ஃபிலிப் ஹோப் என்ற வங்கிக் குடும்பத்துக்காரரின் சேகரிப்புப் பட்டியலில் அது வருகிறது, பெயரும் ஒட்டிக்கொள்கிறது. 69 காரட் கல்லும் 45 காரட் கல்லும் ஒன்றுதானா என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. ஸ்மித்சோனியன்காரர்கள் கணினி மாதிரி செய்து ஒன்று மற்றொன்றுக்குள் பொருந்துகிறது என்று காட்டினார்கள். 2007-இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இழுப்பறையிலிருந்து பிரெஞ்சு நீலம் எனப்பட்ட அந்தப் பழைய 69 காரட் கல்லின் ஈய அச்சு ஒன்று கிடைத்தது. அதன் பதிவில் லண்டன் ஹோப்பின் பெயரும் இருந்தது. அத்தோடு சந்தேகம் தீர்ந்தது. 115, 69, 45.5. கடைசிக் கல்லில் முதல் கல்லின் ஐந்தில் இரண்டு பங்குதான் மிச்சம். முதல் தடவை வெட்டியது பிரகாசத்துக்காக, இரண்டாம் தடவை அடையாளம் மறைக்க. சுற்றியிருக்கும் பதினாறு வெள்ளை வைரங்களை மறந்துவிட்டு நடுக் கல்லின் ஓர வடிவத்தை மட்டும் மோனோகுலரில் பாருங்கள்; சீரான வட்டமுமில்லை, சீரான நீள்சதுரமுமில்லை. எடையைக் காப்பாற்ற நினைத்து வெட்டிய கல் அப்படித்தான் இருக்கும்.

சாபக் கதையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டாம். கோயில் சிலையின் கண்ணிலிருந்து பிடுங்கியது, தவெர்னியேவை நாய்கள் குதறின என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்களும் விற்பனைக்காக நகை வியாபாரி கார்ட்டியேயும் ஊதிப் பெருக்கியது. தவெர்னியே எண்பது வயதைத் தாண்டி மாஸ்கோவில் இறந்தார். 1910-களில் கல்லை வாங்கிய எவலின் வால்ஷ் மெக்லீனிடம் கார்ட்டியே அந்தக் கதையைச் சொல்லித்தான் விற்றார். எவலினுக்குச் சாபக் கல் என்றால் இஷ்டம். நம்மூரில் நீலம் எல்லோருக்கும் சேராது, மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு பார்த்துவிட்டு வாங்கு என்று சொல்லி அனுப்புவார்களே, அதே வியாபார நுட்பம்தான். சேராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதும் வாங்குகிறவருக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

1949-இல் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் வாங்கி, 1958 நவம்பரில் ஸ்மித்சோனியனுக்குக் கொடையாகக் கொடுத்தார். அனுப்பியது பதிவுத் தபாலில், பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பெட்டியில். மொத்தச் செலவு 145.29 டாலர், அதில் தபால் தலைக்கு 2.44 டாலர், மீதியெல்லாம் பத்து லட்சம் டாலர் காப்பீட்டுக்கான கட்டணம். நவம்பர் 10 அன்று தபால்காரர் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த அறைக்குப் போங்கள். லோகன் நீலம் 422.98 காரட், 84.6 கிராம், பத்தரைப் பவுனுக்கு மேல். ஹோப்பிடம் எதிர்பார்த்த கோழிமுட்டை இங்கேதான் இருக்கிறது. இருபது வைரம் சூழ்ந்த பதக்கமாக 1960-இல் லோகன் குடும்பத்துப் பெண்மணி கொடுத்தது. இலங்கைக் கல். இதைப் பார்க்கும்போது அளவைவிட முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள்: இது சூடேற்றாத கல். சந்தையில் இன்று விற்கும் நீலங்களில் பெரும்பாலானவை உலையில் ஏறி இறங்கியவை. இரத்தினபுரிப் பக்கம் மண்ணைக் கழுவும்போது கிடைக்கும் பால்போன்ற மங்கல் கல்லை அங்கே கெவுடா என்பார்கள். ஒரு காலத்தில் அதைக் கல்லென்றே மதிக்கவில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை அடிமாட்டு விலைக்கு அள்ளிப்போய் 1500 டிகிரிக்கு மேல் சூடேற்றி நீலமாக்கி விற்றபோதுதான் இலங்கைக்காரர்களுக்கு விஷயம் புரிந்தது. மங்கலுக்குக் காரணம் உள்ளே இருக்கும் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள், பட்டு என்பார்கள். சூட்டில் பட்டு கரைகிறது, அதிலிருக்கும் டைட்டானியம் கல்லில் ஏற்கெனவே இருக்கும் இரும்போடு சேர்ந்து நீலத்தைக் கொடுக்கிறது. சூடேற்றுவது மோசடி அல்ல. சொல்லாமல் விற்பதுதான் மோசடி. நீலம் வாங்கும்போது சான்றிதழில் "சூடேற்றிய அடையாளம் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான். அந்த ஒரு வரிக்கு விலை பல மடங்கு ஏறும்.

அதே பட்டு ஒழுங்காகப் படிந்திருந்தால் நட்சத்திரக் கல். ஊசிகள் மூன்று திசையில், அறுபது பாகைக் கோணத்தில் படிந்திருக்கும். மேலே விழும் வெளிச்சம் ஒவ்வொரு திசை ஊசியிலும் குறுக்கே ஒரு கோடு போடும். மூன்று கோடு ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டால் ஆறு முனை நட்சத்திரம். இதற்குப் பட்டை போடக்கூடாது, கூரைபோலக் குவித்து மழிக்க வேண்டும். அடித்தளத்தை ஊசிகள் படிந்த தளத்துக்கு இணையாக வைக்கத் தவறினால் நட்சத்திரம் ஓரமாக நகர்ந்து ஒற்றைக்கண் மாதிரி விழிக்கும். அதைச் சரிசெய்ய எடை இழக்க வேண்டும். எடை இழக்க மனமில்லாத வியாபாரி சாய்ந்த நட்சத்திரத்தோடே விற்பார்.

ரோசர் ரீவ்ஸ் நட்சத்திர மாணிக்கம் இதற்கு நல்ல பாடம். 138.7 காரட், இலங்கை. மேற்பரப்பில் கீறல் விழுந்திருந்ததால் அதைப் போக்கவும் நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரவும் சிறிது மழித்துத் திருத்தியிருக்கிறார்கள். நியூயார்க் விளம்பர நிறுவனத்தில் பெரும்புள்ளியாக இருந்த ரீவ்ஸ் அதைத் தன் குழந்தை என்று சொல்லி ராசிக் கல்லாகக் கூடவே வைத்திருந்துவிட்டு 1965-இல் கொடுத்தார். முன்னால் நின்று தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். நட்சத்திரமும் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டே நகரும், கால்கள் முறியாமல். கல்லுக்குள் பொறித்த படமல்ல அது, வெளிச்சத்தின் வேலை. கண்ணாடியில் கோடு கீறிப் பின்னால் வண்ணம் பூசிய போலி நட்சத்திரக் கல்லும் சந்தையில் உண்டு. அதன் நட்சத்திரம் இத்தனை இழைவாக நகராது. கல்லின் பின்புறத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மைக் கல்லின் அடிப்பக்கத்தை எடைக்காகச் சொரசொரப்பாகவே விட்டிருப்பார்கள், போலியின் அடி வழவழப்பாக இருக்கும்.

பக்கத்தில் 182 காரட் பம்பாய் நட்சத்திரம். நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் மனைவி மேரி பிக்ஃபோர்டுக்குக் கொடுத்தது. ஜின் பாட்டிலுக்குப் பெயர் வந்ததும் இதனால்தான். பெயர் பம்பாய், ஊர் இலங்கை. நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 563.35 காரட்டில் 'இந்திய நட்சத்திரம்' என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலங்கைக் கல்தான். அதை 1964 அக்டோபரில் மயாமி கடற்கரையில் சுற்றிக்கொண்டிருந்த பையன்கள் மூன்றுபேர் திருடினார்கள்; காட்சிப் பெட்டியின் எச்சரிக்கை மணிக்குப் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கல் மயாமி பேருந்து நிலையத்து லாக்கரில் அகப்பட்டது. ஸ்மித்சோனியனில் பெரிய நட்சத்திர நீலமான ஆசிய நட்சத்திரம், 329.7 காரட், மட்டும் பர்மாக் கல்.

இந்தப் பெயர் விவகாரம்தான் இந்தக் கூடத்தில் எனக்கு உறுத்துவது. லோகன், ரோசர் ரீவ்ஸ், பிஸ்மார்க் (98.57 காரட் நீலம், இதுவும் இலங்கை) என்று கல்லுக்குக் கொடுத்தவர் பெயர். ஊர் பெயராக இருந்தால் தவறான ஊர். இரத்தினபுரி என்ற பெயரிலேயே ரத்தினத்தை வைத்திருக்கிற ஊரின் கல்லுக்கு அந்த ஊரின் பெயர் ஒன்றில்கூட இல்லை. கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்; ஆனால் பெயரை மட்டும் படித்துக்கொண்டே நடக்கிற பார்வையாளர் அமெரிக்கச் செல்வந்தர்களின் பட்டியலோடுதான் வெளியே வருவார். பெயரைத் தாண்டி, எடைக்கு அடுத்தாற்போல நாட்டைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். லண்டன் டவரிலும் இதே கதை: அங்கே முடியில் இருக்கும் கறுப்பு இளவரசர் மாணிக்கம் மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு சிவப்புக் கல்.

வைடூரியம் பிடித்தவர்கள் மகாராணி வைடூரியத்தைத் தவறவிட வேண்டாம். 58.19 காரட். கல்லின் நடுவே பூனைக்கண் கோடு கத்தியால் கீறியது மாதிரி மெல்லியதாக இருக்கிறது. நல்ல வைடூரியத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோட்டுக்கு ஒருபக்கம் தேன், மறுபக்கம் பால் என்பார்கள் கல்லறிந்தவர்கள். விளக்கு கோட்டுக்குக் குறுக்கே விழும்படி நீங்கள் நகர்ந்து நின்றால் அந்தப் பால்-தேன் பிரிவு தெரியும்.

வைரப் பக்கத்தில் போர்ச்சுக்கல் வைரம், 127.01 காரட். எட்டுமூலைப் படிக்கட்டு வெட்டு, சோப்புக் கட்டி மாதிரி பெரியது. போர்ச்சுக்கலோடு இதற்கு எந்த ஆவணத் தொடர்பும் இல்லை, தென்னாப்பிரிக்கக் கல்லாக இருக்கலாம் என்பதே அருங்காட்சியகத்தின் கருத்து. 1963-இல் ஹாரி வின்ஸ்டனுக்கு 2,400 காரட் சிறு வைரங்களைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டார்கள். இதில் விசேஷம், புற ஊதாவில் மிக வலுவாக நீலம் ஒளிர்வது. சாதாரண வெளிச்சத்திலேயே லேசான நீலப் பனி படர்ந்த மாதிரி தெரியும். நம் பக்கத்துப் பழைய தோடு, மூக்குத்தி பற்றிப் பேசும் பாட்டிகள் 'ப்ளூ ஜாகர்' என்று ஒரு வார்த்தை சொல்வார்களே, அந்தக் குணம்தான் இது. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர் நம் வாயில் ஜாகர் ஆனது. வெளிநாட்டு வியாபாரத்தில் இந்த நீல ஒளிர்வுக்கு விலை குறைப்பார்கள், நம் வீடுகளில் கூட்டிக் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் சரி என்று கேட்டால், கல் மங்கலாகத் தெரியாதவரை பாட்டி பக்கம்தான்.

தோஷம் பார்க்கிற கண்ணோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தின் மதுரை ரத்தினக் கடைத்தெருவில் வைரத்துக்குச் சொல்லும் குற்றங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை. ஹோப் வைரத்தை ஆய்வாளர்கள் கழற்றித் தரம் பார்த்தபோது தந்த தெளிவு விஎஸ்1, அதாவது மிகச் சிறிய குறைகள் மட்டுமே உள்ள தரம்; உள்ளே வெண்மையான வரியோட்டம் இருப்பதாகக் குறித்தார்கள். ஏகை என்றால் கோடு. பழைய கண்ணும் புதிய நுண்ணோக்கியும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. ஆனால் காட்சியில் அந்த வரியைத் தேடாதீர்கள், தெரியாது. பெரும்பாலான கற்கள் நகையில் பொருத்தியே இருப்பதால் கல்லின் அடிப்பாகமும் இடுப்பும் மறைந்தே இருக்கும். கல்லை எடைபோட்டுப் பழகியவருக்கு இது குறைதான்.

நெப்போலியன் நகைகளை வேகமாகக் கடக்கலாம். 1811-இல் மகன் பிறந்ததற்காக மனைவி மரி லூயிக்கு நெப்போலியன் கொடுத்த வைர மாலையில் 234 கல், பழைய வெட்டு, நிதானமான ஒளி. அதைவிடச் சுவாரசியம் அதே மரி லூயியின் மணிமுடி. அதில் இருப்பது ஈரானிய நீலப் பச்சைக்கல், டர்க்காய்ஸ், 79. முதலில் இருந்தது 79 மரகதம். 1950-களில் வான் கிளீஃப் ஆர்பெல்ஸ் நிறுவனம் மரகதங்களைக் கழற்றி, நெப்போலியன் மகுடத்துக் கல் என்று சொல்லித் தனித்தனியாக விற்றுவிட்டு இதைப் பொருத்தியது. முழு நகையாக விற்பதைவிட உதிரியாக விற்பதில் லாபம் என்பது அப்போதும் வியாபாரக் கணக்கு.

மரகதத்தில் ஹூக்கர் மரகதம், 75.47 காரட், கொலம்பியா. உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் இடுப்புப் பட்டையின் கொக்கியில் வைத்திருந்ததாகச் சொல்வார்கள்; 1911 ஏலத்தில் டிஃபனி நகை நிறுவனம் வாங்கியது. மரகதம் என்றாலே உள்ளே பாசி படர்ந்த மாதிரி தோஷம் இருக்கும், அதை மறைக்க எண்ணெய் ஏற்றுவது பழைய வழக்கம். இந்த அளவில் இத்தனை தெளிவான கல்லைப் பார்த்துவிட்டு வெளியே கடையில் மரகதம் பார்த்தால் கண்ணுக்குப் பிடிக்காது என்று எச்சரிக்கிறேன். மாணிக்கத்தில் கார்மென் லூசியா, 23.1 காரட், பர்மாவின் மோகோக். 2004-இல் வந்தது. மோகோக் மாணிக்கம் பளிங்குப் பாறையில் விளைவதால் இரும்பு குறைவு. இரும்பு குறைந்தால் குரோமியம் வெளிச்சத்தை வாங்கிச் சிவப்பாகத் திருப்பி உமிழும். அந்த உள்ளெரியும் சிவப்பு, இரும்பு நிறைந்த தாய்லாந்துக் கல்லில் வராது.

டோம் பெத்ரோ நீலப்பச்சைக் கல், அக்குவாமரைன், 10,363 காரட். இரண்டு கிலோவுக்கு மேல், ஒன்றேகால் அடி உயரம் நெருங்கும் தூண். பிரேசிலில் எடுத்த பெரிய படிகம் கை தவறி விழுந்து மூன்று துண்டாக உடைந்தது. அதில் பெரிய துண்டைத்தான் ஜெர்மன் கலைஞர் பெர்ண்ட் மூன்ஸ்டைனர் செதுக்கினார். பின்பக்கம் வெட்டிய கோடுகள் முன்பக்கத்தில் நட்சத்திரங்களாக எதிரொளிக்கின்றன. முன்னால் நின்று பார்த்ததோடு விடாமல், பெட்டியின் பக்கவாட்டுக்குப் போய் அந்தக் கோடுகள் எங்கே வெட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இதெல்லாம் பார்க்கலாம். நேரமில்லையென்றால் என் வரிசை: ஹோப் பத்து நிமிடம், லோகன் ஐந்து, ரோசர் ரீவ்ஸ் முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு ஐந்து, மகாராணி, போர்ச்சுக்கல். கடைசியாக டியாங் சிவப்பு வைரம். 5.03 காரட்தான், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் பழுப்புச் சாயல் கொண்ட சிவப்பு. பாஸ்டன் நகை வியாபாரி டியாங்குக்கு இது வந்தது ஒரு பழைய தொப்பி ஊசியில், கார்னெட் என்ற மலிவான சிவப்புக் கல்லின் பெயரில். விற்றவர் கார்னெட் விலைக்கே விற்றார்.